உள்ளாடையும் உள்ளத்து அழுக்கும்

போத்தனூர், 1862இலேயே புகைவண்டி வந்து நின்ற ஊர். ஈரோட்டுக்கும் பாலக்காட்டுக்கும் பொள்ளாச்சிக்கும் பாதை பிரியும் சந்திப்பு. பல மொழியும் பல மதமும் பல உடையும் கண்டு பழகிய ஊர். இரயில்வே குடியிருப்பில் ஆங்கிலோ இந்தியப் பெண்கள் கவுன் அணிந்து நடமாடியதைப் பார்த்து வளர்ந்த ஊர். அந்த ஊரில் ஓர் இளைஞர் வாடகைக்கு வீடு தேடினார். நமக்குத் தெரிந்தவர், நல்லவர், கடன் இல்லாதவர், குடிப்பழக்கம் அறியாதவர். வீட்டுக்காரர் வீட்டைக் காட்டினார், முன்பணம் பேசினார், கடைசியாகக் கேட்டார்:

"தம்பிக்கு என்ன தொழிலுங்க?"

"போட்டோ எடுக்கறனுங்க."

"கல்யாணத்துக்கா?"

"இல்லீங்க. திருப்பூர்க் கம்பெனிகளுக்கு. பெண்கள் உள்ளாடை விளம்பரத்துக்கு."

சாவி மீண்டும் இடுப்புக்குப் போயிற்று. "குடும்பம் குடியிருக்கிற இடமுங்க" என்றார் பெரியவர். பேச்சு முடிந்தது.

அந்தப் பெரியவர் யார்? கோவில் குருக்களா? மடத்துத் தம்பிரானா? இல்லை. உள்ளாடைகளுக்கு எலாஸ்டிக் நாடா நெய்து திருப்பூருக்கு அனுப்பும் தறிகளின் உரிமையாளர்! நாடா நெய்யலாம், அது கௌரவம். நாடாவை வைத்துத் தைக்கலாம், அது தொழில். தைத்ததை விற்கலாம், அது வாணிபம். விற்பதை விளக்க ஒரு படம் எடுத்தால் மட்டும் அது அசிங்கம்! நொய்யல் ஆறு சாயக் கழிவால் நஞ்சானது. சாயப்பட்டறைகளை மூடுமாறு 2011இல் உயர்நீதிமன்றமே ஆணையிட வேண்டியதாயிற்று. ஆற்றைக் கெடுத்தவர் எவருக்கேனும் கொங்குநாட்டில் வீடு கிடைக்காமல் போனதுண்டா? பெண் கொடுக்க மறுத்ததுண்டா? ஆற்றைக் கெடுத்தவனுக்கு மாலை. படம் எடுத்தவனுக்கு மறுப்பு. இதுதான் இந்தச் சமுதாயத்தின் ஒழுக்கத் தராசு!

இது ஓர் இளைஞரின் வீட்டுப் பிரச்சினை என்று எண்ணி நாம் எழுதவில்லை. பெண்ணின் உடலைப் பற்றி இந்த நாட்டில் நிலவும் பொய்கள் அத்தனையும் அந்த ஒரு வாசற்படியில் வந்து நின்றன. அதனால் எழுதுகிறோம்.

"நாணம்" என்கிறார்கள். யாருடைய நாணம்? மடித்துக் கட்டிய வேட்டிக்குக் கீழே பட்டாப்பட்டி தெரியத் தெருவில் நடக்கும் ஆண்மகனிடம் யாரும் நாணம் கேட்பதில்லை. ஆண்களின் ஜட்டி விளம்பரம் ஊர்ச்சுவரெல்லாம் இருக்கிறது. யாரும் கண்ணை மூடுவதில்லை. ஆனால் நம் வீட்டுப் பெண்ணைப் பாருங்கள். கடையில் தயங்கித் தயங்கி அளவு சொல்கிறாள். வாங்கியதைச் செய்தித்தாளில் சுற்றி, பைக்குள் பை வைத்துக் கொண்டுவருகிறாள். துவைத்ததைக் கொடியில் துண்டுக்கு அடியில் மறைத்து உலர்த்துகிறாள். வெயில் படாமல், ஈரம் போகாமல், பூஞ்சை பிடித்து, அதையே மறுநாளும் உடுத்தி, தோலில் அரிப்போடு வாய்பேசாமல் அலைகிறாள். ஒரு முழத் துணிக்குச் சூரிய ஒளியைக்கூட மறுக்கும் நாணம் பண்பாடா? அது நோய். படமாகப் பார்க்கக் கூடாதது, கொடியில் காயவும் கூடாது. கொடியில் காயக் கூடாதது, வாய்விட்டுக் கேட்கவும் கூடாது. ஒரு பொய்யிலிருந்து அடுத்த பொய் இப்படித்தான் முளைக்கிறது.

இந்த நாணத்தின் பிறப்புச் சான்றிதழைச் சற்றுப் புரட்டுவோம்.

இன்று கன்னியாகுமரி மாவட்டமாக நம்மோடு இருக்கும் மண், 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரைச் சேர்ந்து பின் திருவிதாங்கூர்–கொச்சியைச் சேர்ந்து இருந்தது. அங்கே சாணார் குலப் பெண்கள் மார்பை மறைக்கக் கூடாது என்று வைதீகம் விதித்திருந்தது. மறைத்தால் குற்றம்! மேல்சாதியினர் முன் மரியாதைக் குறைவு! 1822 முதல் 1859 வரை, முப்பத்தேழு ஆண்டுகள், அலையலையாக அந்தப் பெண்கள் போராடினார்கள். சந்தைகளில் அவர்களுடைய மேலாடைகள் கிழிக்கப்பட்டன, வீடுகள் கொளுத்தப்பட்டன. 1859 ஜூலையில் அரசர் ஆணை பிறப்பித்தார்: மறைத்துக் கொள்ளலாம். ஆனால் ஒரு நிபந்தனை: மேல்சாதிப் பெண்கள் உடுத்தும் முறையில் உடுத்தக் கூடாது!

தோழர்களே, இதை ஊன்றிப் பாருங்கள். அன்று "திற" என்றவர்கள்தாம் இன்று "மூடு" என்கிறார்கள். அன்று மூடியவள் அடங்காதவள்; இன்று படத்துக்கு நின்றவள் ஒழுக்கங்கெட்டவள். கட்டளை மாறியிருக்கிறது, கட்டளையிடும் வாய் மாறவில்லை. அவர்களுக்குத் துணியைப் பற்றிக் கவலையே கிடையாது. பெண்ணின் உடலுக்கு உரிமையாளர் யார் என்பதுதான் அன்றும் இன்றும் அவர்களுடைய வழக்கு. இந்த வரலாற்றை நம் பிள்ளைகள் படிப்பதுகூட அவர்களுக்குப் பொறுக்கவில்லை. மத்தியக் கல்வி வாரியம் ஒன்பதாம் வகுப்புப் பாடத்திலிருந்து அந்தப் பகுதியை 2016இல் நீக்கியதை நாம் மறக்கவில்லை.

புகைப்படக் கருவிக்கு வருவோம். அது நம் பக்கத்து மலைகளில் ஏறியபோது யாரைப் படம் பிடித்தது? சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் அளவுகோலும் கருவியும் கொண்டு மலைமக்களை அளந்தார், படம் எடுத்தார். 1909இல் "தென்னிந்தியக் குலங்களும் குடிகளும்" ஏழு தொகுதிகளாக வந்தது. மறுத்துச் சொல்ல வலுவில்லாத மக்களை அரைகுறை ஆடையில் நிறுத்தி எடுத்த படங்களை அந்தக் காலத்து நூல்களிலும் அஞ்சலட்டைகளிலும் ஏராளமாகக் காணலாம். அந்தப் பெண்களின் பெயர் அதில் இல்லை, இசைவு இல்லை, கூலி இல்லை. அதற்குப் பெயர் அறிவியல்! அது நூலகத்துக்குரிய அரும்பொருள்! தன் பெயரில் ஒப்பந்தம் எழுதி, கூலி பேசி, விருப்பத்தோடு ஒரு பெண் உள்ளாடைப் படத்துக்கு நின்றால் மட்டும் ஆபாசம்! ஆண்டவன் பெயரால் ஆடையின்றி நிற்கும் பிச்சாடனருக்குக் கற்பூரம்; கோபுரத்துச் சிற்பத்துக்குக் கலை என்ற விருது. அண்ணா "கம்பரசம்" எழுதியபோது துடித்தவர்கள் எதற்காகத் துடித்தார்கள்? காவியத்தில் காமம் இருந்ததற்காக அல்ல; அது இருக்கிறது என்று அவர் எடுத்துக்காட்டியதற்காக.

நீதிமன்றக் கதையும் உண்டு. 1995இல் காலணி விளம்பரம் ஒன்றில் மிலிந்த் சோமனும் மது சாப்ரேயும் மலைப்பாம்பைச் சுற்றிக்கொண்டு ஆடையின்றி நின்றார்கள். படம் எடுத்தவர் பிரபுத்த தாஸ்குப்தா, இந்தியாவின் பெயர்பெற்ற அலங்காரப் புகைப்படக் கலைஞர். மும்பையில் வழக்குத் தொடுத்தார்கள். 2009இல் விடுதலை. பதினான்கு ஆண்டுகள்!

இன்னொன்று. ஜெர்மனியின் டென்னிஸ் வீரர் போரிஸ் பெக்கர், தாம் மணக்கவிருந்த கறுநிற நடிகை பார்பரா ஃபெல்டஸுடன் ஆடையின்றி ஒரு படத்துக்கு நின்றார். நிறவெறியை எதிர்த்துச் சொன்ன செய்தி அது. 1993இல் கொல்கத்தா ஏடுகள் அதை மறுவெளியீடு செய்தன. ஆபாசம் என்று வழக்கு. 2014இல் உச்சநீதிமன்றம் வழக்கைத் தள்ளியது. 1868இல் இங்கிலாந்தில் வகுத்த பழைய ஆபாச அளவுகோல் இனி இங்கே செல்லாது. ஒரு படத்தை முழுமையாக, அதன் செய்தியோடு, இக்காலச் சமுதாயத்தின் கண்ணால் பார்க்க வேண்டும் என்றது. அந்தப் படத்தை எடுத்தவர் யார் தெரியுமா? அந்தப் பெண்ணின் தந்தை! பெற்ற தகப்பன் தூய கண்ணோடு எடுத்த படத்தில் வழிப்போக்கன் ஆபாசம் கண்டான் என்றால், அழுக்கு படத்திலா? பார்த்தவன் உள்ளத்திலா?

இதுவரை வைதீகருக்கு. இனி நம்மவருக்கு.

நம் முகாமிலேயே சிலர் கேட்கிறார்கள்: "பெண்ணை அலங்காரப் பொம்மையாக்குவதைப் பெரியார் வாழ்நாளெல்லாம் கண்டித்தாரே? நகையும் பட்டும் பூவும் அடிமைச் சின்னம் என்றாரே? இந்தத் தொழிலை நீங்கள் ஆதரிப்பதா?" கேள்வி நேர்மையானது. விடையும் நேர்மையாக இருக்க வேண்டும்.

ஈரோட்டுக் கிழவர் கண்டித்தது துணியை அல்ல. பெண் தனக்காக அன்றிப் பிறர் கண்ணுக்காக வாழ்வதை. கூந்தலை வெட்டு, உடலுக்கு வசதியான உடை உடுத்து என்றவர் அவர். உள்ளாடை வசதிக்கு வந்தது. ஐரோப்பியப் பெண் நெடுங்காலம் எலும்பும் இரும்பும் வைத்துக் கட்டிய இறுக்குக் கச்சுக்குள் மூச்சுத் திணறினாள். மேரி ஃபெல்ப்ஸ் ஜேக்கப் என்ற அமெரிக்கப் பெண் இரண்டு கைக்குட்டைகளையும் நாடாவையும் இணைத்து மார்க்கச்சைத் தைத்து 1914இல் காப்புரிமை பெற்றாள். மூச்சுவிட இடம் தேடிய பெண்ணின் கைவேலை அது. அந்த உடை எப்படிப் பொருந்தும், எங்கே தாங்கும், எது எந்த உடலுக்கு என்பதைக் காட்டாமல் எப்படி விற்பது? அங்கே பெண்ணுடல் பொருளுக்கு விளக்கம். மோட்டார் வண்டியின் சக்கரத்துக்கும் சிமெண்டு மூட்டைக்கும் பக்கத்தில் அரைகுறை ஆடையோடு பெண்ணை நிறுத்துகிறானே, அங்கேதான் அவள் பொம்மை! இந்த வேறுபாடு புரியாமல் இரண்டையும் ஒரே கோலால் அடிப்பது பகுத்தறிவு ஆகாது.

ஆனால், தொழில் அனைத்துக்கும் நாம் நற்சான்று வழங்கவில்லை. இந்தக் கருவியைத் தூண்டிலாக்குவோர் உண்டு. "வாய்ப்பு" என்று சொல்லி வலை விரிப்போர் உண்டு. ஒரு படத்துக்குக் கூலி கொடுத்து நூறு இடத்தில் அதை விற்போர் உண்டு. எடுத்த படத்தைக் கைப்பேசியில் வைத்துக்கொண்டு பெண்ணை மிரட்டுவோர் உண்டு. இவர்களும் அந்த வைதீகரும் எதிரிகள் போலத் தோன்றுவார்கள், உண்மையில் பங்காளிகள். "படத்துக்கு நின்றவள் கெட்டவள்" என்று ஊர் சொல்லும் பழிதான் மிரட்டுகிறவனின் முதலீடு. ஊர் வெட்கப்படச் சொல்லாவிட்டால் அவன் எதைக் காட்டி மிரட்டுவான்? 2013இல் சேர்க்கப்பட்டு இன்றும் தொடரும் சட்டப் பிரிவு தெளிவாகச் சொல்கிறது: தனிமையில் படம் எடுக்க ஒரு பெண் இசைந்திருக்கலாம், அதைப் பரப்ப அவள் இசையவில்லை என்றால் பரப்பியவன் குற்றவாளி. இசைவுதான் எல்லை. அதை மீறியவனுக்குத்தான் பழி; படத்தில் இருப்பவளுக்கு அல்ல.

நம் இளைஞர் எப்படி வேலை செய்கிறார்? அறைக்குள் வேலைக்கு வேண்டியவர் மட்டும். உடைமாற்ற மறைவிடம், உடன் ஒரு பெண் உதவியாளர். ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் இடையில் போர்த்திக்கொள்ள அங்கி. தொடாமல் வாயால் சொல்லி நிறுத்துவது. படம் எங்கே, எத்தனை காலம் பயன்படும் என்று தமிழில் எழுதிய ஒப்பந்தம். வெளிச்சத்தைத் தையலின் மேல் விழச் செய்து, துணியின் நெய்தலைக் காட்டி, எலாஸ்டிக்கின் பிடியைக் காட்டி எடுக்கிறார். காலை முதல் மாலை வரை முதுகு வலிக்க வேலை. இதில் காமம் எங்கே? நெசவாளி நூலைப் பார்ப்பதுபோல, மருத்துவர் நாடியைப் பார்ப்பதுபோல அவர் ஒளியைப் பார்க்கிறார்.

இன்னொரு கொடுமை உண்டு. தைப்பவள் யார்? பவர் டேபிளிலும் ஓவர்லாக்கிலும் செக்கிங்கிலும் கைமடியிலும் நாள் முழுதும் நிற்கும், குனியும் நம் கறுத்த பெண். பெட்டியின் மேல் இருப்பவள் யார்? பெரும்பாலும் வெளுத்த தோல். அதுவும் போதாமல் கணினியில் இன்னும் வெளுப்பு! தன் கையால் தைத்த உடை தன் நிறத்தில் அழகாக இருக்கும் என்று அந்தத் தொழிலாளிக்கு எந்தப் படமாவது சொன்னதுண்டா? நூற்பாலைகளில் வயதுப் பெண்களைப் பல ஆண்டு விடுதிக்குள் அடைத்து வேலை வாங்கி, கடைசியில் மொத்தமாகத் தொகை தருவதாகச் சொன்ன ஏற்பாட்டுக்கு இந்தக் கோவை, திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் வட்டாரத்தில் வைத்த பெயர் என்ன? "சுமங்கலித் திட்டம்"! சீதனத்துக்காகச் சிறையிருந்த சிறுமிகளைக் கண்டு நாணாத சமுதாயம், உள்ளாடைப் படத்தைக் கண்டு நாணுகிறதாம். கேட்கவே கூசுகிறது.

ஆகவே நாம் சொல்வது இது. வெட்கம் துணியில் இல்லை, உடலில் இல்லை, ஒளிப்படக் கருவியிலும் இல்லை. ஒருவரின் இசைவை மிதிப்பதில் இருக்கிறது. உழைப்பவளின் கூலியைக் குறைப்பதில் இருக்கிறது. சாதி பார்த்து "திற" என்றும் "மூடு" என்றும் ஆணையிடுவதில் இருக்கிறது.

இளைஞர்களே! இந்தத் தொழிலில் இருப்பவருக்கு வீடு கொடுங்கள், உறவு கொடுங்கள், அவரிடம் கணக்கும் கேளுங்கள். ஒப்பந்தம் இருக்கிறதா, கூலி முழுதாகப் போகிறதா, நம் நிறத்துப் பெண்ணுக்கு அந்தப் படத்தில் இடம் உண்டா என்று கேளுங்கள். நம் பெண்கள் கருவியின் முன்னால் மட்டுமல்ல, பின்னாலும் நிற்கட்டும். அவர்கள் கண்ணால் அவர்கள் உடலை உலகம் பார்க்கட்டும். அதற்கு முன், இன்றே, நம் வீட்டில் செய்யக்கூடிய ஒன்று உண்டு. கொடியில் கிடக்கும் அந்தத் துண்டை எடுத்துவிடுங்கள். உள்ளாடையின் மேல் வெயில் படட்டும்.

நம் உள்ளத்தின் மேலும்!