சாலைக் குழியும் நம் அமானிதமும்



பாதையில் கிடக்கும் இடையூறை அகற்றுவதும் ஈமானின் ஒரு கிளை என்று நபி (ஸல்) அவர்கள் கற்பித்தார்கள். ஒரு முள்ளை எடுத்துப் போடுவது ஈமானின் அடையாளம் என்றால், குறைவாகத் தார் இட்டு நிறைவாகப் பட்டியல் எழுதுவது எதன் அடையாளம்?

சிங்கப்பெருமாள்கோவிலிலிருந்து ஒரகடம் வழியாக ஸ்ரீபெரும்புதூர் செல்லும் சாலையில், கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே நம் பிள்ளைகள் இரவு ஷிப்ட் முடிந்து வண்டியோட்டி வருகின்றனர். மழைநீர் மூடிய ஒரு குழி போதும், ஒரு குடும்பம் சரிய. அப்போது நாம் "தக்தீர்" என்று சொல்லி அமைதி கொள்கிறோம். தக்தீரை நம்புவது கடமை. மனிதன் செய்த குற்றத்தை அதன்மேல் ஏற்றுவது கடமையன்று.

கேட்டால் என்ன நடக்கும் என்பதற்குச் சான்று அருகிலேயே உள்ளது. மதுரவாயல்–வாலாஜாபேட்டை நெடுஞ்சாலை சீர்கெட்டுக் கிடந்தபோது, சென்னை உயர் நீதிமன்றம் தாமாகவே வழக்கை எடுத்து, 2020 டிசம்பரில் ஸ்ரீபெரும்புதூர், வாலாஜா சுங்கச்சாவடிகளில் பாதிக் கட்டணமே பெற வேண்டும் என்று இடைக்கால ஆணையிட்டது. கட்டணம் பெறுபவர் சாலைக்குக் கணக்குச் சொல்லவும் கடமைப்பட்டவர் என்பதே அதன் பொருள்.

ஆனால் கணக்குக் கேட்கும் தகுதி நமக்கு உண்டா? லஞ்சம் வாங்குபவரைப் போலவே கொடுப்பவரும் சாபத்துக்குரியவர் என்று நபிமொழி எச்சரிக்கிறது. ஸகாத் வசூலித்து வந்த ஒருவர், ஒரு பகுதி தமக்கு அன்பளிப்பாக வந்ததாகக் கூறியபோது, தாய் தந்தையர் வீட்டிலேயே இருந்திருந்தால் அது தேடி வந்திருக்குமா என்று நபியவர்கள் வினவினார்கள். தன் உரிமையை மீட்க வேறு வழியே அற்றவரைப் பற்றி மார்க்க அறிஞர்கள் தனியே பேசியுள்ளனர். ஒப்பந்தம் பெறவும் பிறரை முந்தவும் "டீ செலவு" கொடுப்பவருக்கு அந்தச் சலுகை ஏது? நாட்டின் சட்டமும் 2018ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி கொடுப்பவரையும் தண்டிக்கிறது. வற்புறுத்தலால் கொடுத்தவர் 7 நாட்களுக்குள் புகார் அளித்தால் விலக்கும் தருகிறது.

அந்தப் பணத்தில் பள்ளிவாசலுக்கு மினாரா கட்டினால் பாவம் கரைந்துவிடும் என்று எண்ணுவோரும் நம்மிடையே உள்ளனர். அல்லாஹ் தூய்மையானவன், தூய்மையானதையே ஏற்பான்.

ஜமாஅத்தார் செய்யக்கூடியது ஒன்றுண்டு. 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி, 10 ரூபாய் கட்டணத்தில் மனு அளித்து, நம் தெருச் சாலையின் மதிப்பீட்டையும் அளவுப் புத்தகத்தையும் கேட்கலாம். 30 நாட்களில் பதில் தரவேண்டும். வேலையை நேரில் ஆய்வு செய்யவும், இட்ட பொருளின் சான்றிட்ட மாதிரியைப் பெறவும் அச்சட்டம் இடமளிக்கிறது. மஹல்லாவில் படித்த இளைஞர் இருவர் போதும்.

வட்டி ஹராம் என்று மிம்பரில் முழங்கும் நாம், லஞ்சத்தையும் அதே குரலில் சொல்வோமாக. பொதுச் சாலை அமானிதம். மறுமையில் அதற்கும் கேள்வி உண்டு. ஹலாலான உணவையும் அதைக் காக்கும் துணிவையும் அல்லாஹ் நமக்கு அருள்வானாக. ஆமீன்.