பத்துத் தாள், ஒரே சாட்சி



அக்டோபர் வந்துவிட்டால் பள்ளியில் புராஜெக்ட், வாலிபர் கூட்டத்தில் பிரசன்டேஷன் என்று நம் வீடுகளில் பிரிண்டர் ஓய்வதில்லை. தாள் சேர்கிறது, ஸ்லைடு சேர்கிறது. “சரி, இதிலிருந்து என்ன தெரிந்துகொண்டாய்?” என்று யாராவது கேட்டால் மட்டும் பதில் வருவதில்லை. சேர்ப்பது ஒரு வேலை. சேர்த்ததை விசாரிப்பது வேறு வேலை. இந்த மாதம் நம் ஊர்க் கதை ஒன்றையே எடுத்து, இரண்டாவது வேலையைச் செய்து பார்ப்போம்.

க்ரோவர்ஸ் மில் நம் வெஸ்ட் வின்ட்சருக்குள்தான் இருக்கிறது. அங்கே வான் நெஸ்ட் பூங்காவில் 1988-ல் வைத்த நினைவுச்சின்னத்தைப் பலரும் பார்த்திருப்பீர்கள். 1938 அக்டோபர் 30, ஞாயிறு இரவு 8 மணிக்கு, எச். ஜி. வெல்ஸின் நாவல் ஒன்றை ஆர்சன் வெல்ஸ் குழுவினர் சிபிஎஸ் வானொலியில் நாடகமாக நடத்தினார்கள். செவ்வாய்க் கிரகத்தார் க்ரோவர்ஸ் மில்லில் வந்து இறங்கிவிட்டதாக, செய்தி அறிவிப்பு மாதிரியே அதை நடித்தார்கள். அதை நிஜம் என்று நம்பி நாடே பயந்து ஓடியது, நம் ஊர்க்காரர்கள் தண்ணீர்த் தொட்டியை எதிரி என்று நினைத்துச் சுட்டார்கள் என்பதுதான் எல்லோரும் சொல்லும் கதை.

இதைப் பற்றி ஒரு பிரசன்டேஷன் செய்ய வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். “க்ரோவர்ஸ் மில்” என்பது தலைப்பு. அதை முதலில் கேள்வியாக்க வேண்டும். “அன்று இரவு எத்தனை பேர் உண்மையிலேயே பயந்தார்கள்?” கேள்வி இருந்தால்தான் எதை எடுப்பது, எதை விடுவது என்று தெரியும்.

அடுத்தது குறிப்பெடுப்பது. வார்டில் நர்ஸ்களாகிய நாங்கள் மூன்று விஷயங்களைக் கலக்காமல் எழுதப் பழகியிருக்கிறோம். “நெஞ்சு வலிக்கிறது என்கிறார்” என்பது நோயாளி சொன்னது. “பிபி 160/90” என்பது அளந்து பார்த்தது. “இருதயப் பிரச்சனையாக இருக்கலாம்” என்பது நம் கணிப்பு. உங்கள் குறிப்புகளும் இப்படியே இருக்கட்டும். ஒரு சீட்டில் ஒரே தகவலை எழுதுங்கள். அதன் கீழே, யார் சொன்னது, எப்போது சொன்னது, அவருக்கு எப்படித் தெரியும் என்ற மூன்றையும் எழுதுங்கள்.

இப்போது சீட்டுகளைப் பரப்புவோம். “நாடே பயந்தது” என்று பத்து இணையப் பக்கங்கள் சொல்கின்றன. “எப்படித் தெரியும்?” என்று ஒவ்வொன்றையும் கேட்டுப் பின்னால் போனால், பெரும்பாலும் மறுநாள் காலை வந்த செய்தித்தாள்களில்தான் போய் நிற்போம். அப்படியானால் நம்மிடம் இருப்பது பத்துத் தாள், ஆனால் ஒரே சாட்சி. அந்தச் சாட்சியும் முழுக்க நடுநிலையானது என்று சொல்ல முடியாது. அந்த வருடங்களில் வானொலி பத்திரிகைகளின் விளம்பர வருமானத்தைப் பறித்துக்கொண்டிருந்தது என்பதை ஜெஃபர்சன் பூலி, மைக்கேல் சோகோலோ என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2013-ல் எடுத்துக்காட்டினார்கள்.

இன்னொரு சீட்டு. அதே இரவில் ஹூப்பர் என்ற நிறுவனம் 5,000 வீடுகளுக்குப் போன் செய்து, என்ன நிகழ்ச்சி கேட்கிறீர்கள் என்று விசாரித்தது. இந்த நாடகத்தைக் கேட்டவர்கள் 2 சதவீதம்தான். இது நேரம் தவறாமல் எடுத்த அளவு.

மூன்றாவது சீட்டு பக்கத்து ஊரான பிரின்ஸ்டனிலிருந்து வருகிறது. ஹாட்லி கான்ட்ரில் என்ற பேராசிரியர் 1940-ல் இதைப் பற்றி ஒரு புத்தகம் வெளியிட்டார். சுமார் 60 லட்சம் பேர் கேட்டார்கள், அவர்களில் குறைந்தது 10 லட்சம் பேர் பயந்தார்கள் என்பது அவர் கணக்கு. புத்தகத்தைத் திறந்து பார்த்தால் இரண்டு விஷயம் தெரியும். பயந்தவர்கள் எத்தனை பேர் என்ற கணக்கு, நாடகம் முடிந்து ஆறு வாரம் கழித்து எடுத்த கருத்துக்கணிப்பிலிருந்து வந்தது. அதற்குள் ஜனங்கள் பத்திரிகைகளைப் படித்திருந்தார்கள். மேலும், அவர் குழு நேரில் பேட்டி எடுத்தது 135 பேரை. அவர்களில் நூறு பேருக்கு மேல், பயந்தவர்கள் என்று முன்பே தெரிந்ததால் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். காய்ச்சல் வார்டுக்குள் மட்டும் போய்ப் பார்த்துவிட்டு, ஊருக்கே காய்ச்சல் என்று சொல்ல முடியுமா?

அப்படியானால் எல்லாமே பொய்யா? அதுவும் அவசர முடிவு. பிராட் ஷ்வார்ட்ஸ் என்பவர், அந்த நாட்களில் ஜனங்கள் எழுதிய ஏறக்குறைய 2,000 கடிதங்களைப் படித்து 2015-ல் ஒரு புத்தகம் எழுதினார். எழுதியவர்களில் பெரும்பாலானோர் பயப்படவில்லை. ஆனால் சிலர் உண்மையாகவே நடுங்கியிருக்கிறார்கள்.

பல சீட்டுகளை ஒன்றாக்குவது என்றால், இவர் இவ்வளவு சொன்னார், அவர் அவ்வளவு சொன்னார் என்று நடுவில் கோடு கிழிப்பதில்லை. ஒவ்வொரு சாட்சியும் எதைப் பார்க்கும் இடத்தில் இருந்தது என்று நிதானித்து, எல்லாம் பொருந்துகிற ஒரு வாக்கியத்தை எழுதுவது. நம் வாக்கியம் இது: “நாடகத்தைக் கேட்டவர்கள் கொஞ்சம் பேர், அவர்களில் சிலர் உண்மையில் பயந்தார்கள், நாடே ஓடியது என்ற கதை பெரிதாக்கப்பட்டது.” தண்ணீர்த் தொட்டியைச் சுட்ட விஷயத்தை “ஊரில் சொல்லும் கதை” என்ற பெயரோடே வைத்துவிடலாம்.

இந்த வாக்கியம் கிடைத்த பிறகே ஸ்லைடைத் திறக்க வேண்டும். ஷிஃப்ட் மாறும்போதும் டாக்டரை அழைக்கும்போதும் நாங்கள் ‘எஸ்பார்’ என்ற நான்கு படி முறையில் பேசுகிறோம். இப்போது என்ன நிலை, இதற்கு முன் என்ன நடந்தது, நாம் என்ன நினைக்கிறோம், அடுத்து என்ன செய்ய வேண்டும். உங்கள் பிரசன்டேஷனுக்கும் இது போதும். கண்டுபிடித்ததை முதல் நிமிடத்திலேயே சொல்லிவிடுங்கள். ஒவ்வொரு ஸ்லைடின் கீழும் யார் சொன்னது என்று எழுதுங்கள். சாட்ஜிபிடி சுருக்கித் தந்தாலும் அது சாட்சி இல்லை. சாட்சி இருக்கும் இடத்துக்கு வழி கேட்க மட்டும் அதைப் பயன்படுத்துங்கள்.

இதெல்லாம் மார்க்குக்காக மட்டும் சொல்வதில்லை. அமெரிக்காவில் ஏறக்குறைய 10 சதவீத நோயாளிகளின் ரெக்கார்டில் ‘பென்சிலின் அலர்ஜி’ என்று இருக்கிறது. முறையாகப் பரிசோதித்தால் அவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு அந்த அலர்ஜி இருப்பதில்லை. சிறு வயதில் வந்த ஒரு தடிப்பு, யாரோ எழுதிய ஒரு வரி, அது ஃபைலுக்கு ஃபைல் நகலாகிக்கொண்டே வருகிறது. அதனால், பென்சிலினே போதும் என்ற இடத்தில் வேறு மருந்தைக் கொடுக்க வேண்டியிருக்கிறது. சில நேரம் அந்த மருந்து அவ்வளவு நன்றாக வேலை செய்வதில்லை, பக்க விளைவும் கூடுகிறது. யார் சொன்னது, எப்போது, என்ன நடந்தது என்று ஒருவர் கேட்டிருந்தால் போதும்.

வைத்தியராகிய லூக்கா தெயோப்பிலுவுக்கு எழுதத் தொடங்கும்போது இந்த வேலையைத்தான் சொல்கிறார். அவருக்கு முன்பே பலர் எழுதியிருந்தார்கள். அவரோ கண்ணால் பார்த்தவர்கள் சொன்னதை ஆரம்பத்திலிருந்து விசாரித்து, வரிசைப்படுத்தி எழுதினார்.

இந்த மாத வீட்டுப்பாடம் ஒன்று. இன்று இரவு சாப்பிடும்போது, நம் வீட்டில் யாருடைய ரெக்கார்டிலாவது பென்சிலின் அலர்ஜி என்று இருக்கிறதா என்று அப்பா அம்மாவிடம் கேளுங்கள். இருந்தால் மூன்று கேள்விகளையும் கேட்டு ஒரு சீட்டில் எழுதுங்கள். நீங்களாக அந்த வரியை அழித்துவிடாதீர்கள். சீட்டை டாக்டரிடம் காட்டி, பரிசோதனை தேவையா என்று கேளுங்கள்.