டிங் என்று கூப்பிடாதீர்கள்!

ஆண்டு மலருக்கு எல்லோரும் கவிதை கொடுத்திருப்பீர்கள். காதல், மழை, அம்மா, மறுபடியும் காதல்... எனக்குக் கவிதை வராது. அதனால் ஒரு சண்டை போடலாம் என்று வந்திருக்கிறேன். சண்டை உங்களோடு மட்டும் இல்லை, என்னோடும்தான்.

நம் மெக்கானிக்கல் பிரிவில் ஒரு வருஷத்துக்கு மேலாக ஒரு பட்டப்பெயர் ஓடிக்கொண்டிருக்கிறது. வைவாவில் உளறினால் "டிங்". டிராயிங் ஷீட்டில் அளவு தப்பாகப் போட்டால் "டிங்". கேன்டீன் டோக்கனைத் தொலைத்தவன்கூட "டிங்"! இதை ஆரம்பித்து வைத்த புண்ணியவான் யார் தெரியுமா? சாட்சாத் நான்தான்.

2024 டிசம்பர் 12. உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். சிங்கப்பூரில் உலக செஸ் சாம்பியன் போட்டியின் 14-வது, கடைசி ஆட்டம். நம்ம சென்னைப் பையன் குகேஷும், சாம்பியனாக இருந்த சீனாவின் டிங் லிரனும் ஆளுக்கு ஆறரைப் புள்ளி. பட்டாபிராம் சி.டி.எச். ரோட்டு டீக்கடையில் ஒரே ஒரு செல்போன், அதைச் சுற்றி ஆறு தலை. அதில் செஸ் முழுசாகத் தெரிந்தவன் ஒருத்தன்கூடக் கிடையாது, நான் உட்பட. ஆனால் திரையின் ஓரத்தில் ஒரு பட்டை இருக்குமே, வெள்ளையும் கறுப்புமாக... கம்ப்யூட்டர் கணக்குப் போட்டு யார் கை ஓங்கியிருக்கிறது என்று காட்டுகிற பட்டை. அது போதும், எல்லோருமே கிராண்ட்மாஸ்டர்தான்!

ஆட்டம் டிராவை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. டிராவானால் மறுநாள் டை-பிரேக். இரண்டு பக்கமும் ஒரு யானை, ஒரு மந்திரி, மிச்சம் சிப்பாய்கள். குகேஷிடம் ஒரு சிப்பாய் அதிகம், ஆனாலும் அதை வைத்து ஜெயிப்பது கஷ்டம். 55-வது மூவில் டிங் தன் யானையைக் கொண்டுவந்து குகேஷின் யானைக்கு எதிரே வைத்தார். "வா, வெட்டிக்கொள்ளலாம்" என்கிற மாதிரி. பட்டை சடாரென்று கறுப்புப் பக்கம் சாய்ந்தது. ஏன் என்றால், டிங்கின் மந்திரி ஒரு மூலையில் போய் உட்கார்ந்திருந்தது. யானைகள் வெட்டுப்பட்டதும் குகேஷ் தன் மந்திரியை அதே குறுக்குக் கோட்டில் நடுவே கொண்டுவந்து நிறுத்தினால் அதற்குத் தப்பிக்க வழியே இல்லை. அதுவும் வெட்டுப்படும். அப்புறம் வெறும் ராஜாவும் சிப்பாயும்தான், அதில் ஒரு சிப்பாய் அதிகம் இருப்பவன் ராஜா. மூன்றே மூவில், 58-ல், டிங் தோல்வியை ஒப்புக்கொண்டார். 18 வயதில் குகேஷ் உலக சாம்பியன்!

டீக்கடையில் விசில் பறந்தது. கூடவே சிரிப்பும் பறந்தது. "உலக சாம்பியனாம்... எனக்கே தெரியுதுடா, இவனுக்குத் தெரியல!" என்று சொன்னவன் அடியேன். அன்றைக்குப் பிறந்ததுதான் அந்தப் பட்டப்பெயர்.

ராத்திரி வீட்டில் அப்பாவிடம் அதே வீடியோவைக் காட்டி, விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டே விளக்கினேன். அப்பாவுக்கு செஸ் தெரியாது, ஆடு புலி ஆட்டம் தெரியும். அம்பத்தூர் எஸ்டேட்டில் பிரஸ் மெஷின் ஓட்டுகிறவர். சாப்பிட்டுக்கொண்டே பார்த்தார். அவர் சிரிக்கவில்லை. கேட்டது ஒன்றே ஒன்று.

"இந்த ஆளு எவ்ளோ நேரமாடா உக்காந்திருக்கான்?"

"நாலு மணி நேரம் இருக்கும்பா."

"எத்தினி நாளா?"

கணக்குப் போட்டுப் பார்த்தேன். நவம்பர் 25-ல் ஆரம்பித்தது. 18 நாளில் 14 ஆட்டம். சொன்னேன். "ஷிப்டு முடியற கடைசி அரை மணிதான்டா கை போற நேரம்" என்றார். அவ்வளவுதான், ரசம் கேட்டு வாங்கிச் சாப்பிட ஆரம்பித்துவிட்டார். எனக்கு அப்போது அது உறைக்கவில்லை. செஸ் பற்றி அப்பாவுக்கு என்ன தெரியும் என்று நினைத்தேன்.

பிறகு ஒரு விஷயம் தெரிந்தது. ஆட்டம் முடிந்ததும் குகேஷே சொல்லியிருக்கிறார், டிங் அந்த யானையை வைத்தபோது தனக்கும் உடனே தெரியவில்லை என்று. வேறு மூவ் ஆடப் போய், அப்புறம்தான் அந்த மந்திரி மாட்டிக்கொண்டதைக் கவனித்திருக்கிறார். யோசித்துப் பாருங்கள் நண்பர்களே! எதிரே உட்கார்ந்து ஜெயிக்கப் போகிறவனுக்கே ஒரு கணம் தெரியாதது, டீக்கடையில் பன் கடித்துக்கொண்டிருந்த எனக்குத் தெரிந்ததாம். எனக்கு எங்கே தெரிந்தது? பட்டைக்குத் தெரிந்தது. டிங்குக்கு யாராவது அந்தப் பட்டையைக் காட்டினார்களா?

டி.வி.யில் காட்டும் சீட்டாட்டத்திலும் இதே கதைதான். (சீட்டு ஆடச் சொல்கிறான் என்று பிரின்சிபாலிடம் போட்டுக் கொடுக்க வேண்டாம்! பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களைத் தடுக்க 2025-ல் மத்திய சட்டமே வந்துவிட்டது.) போக்கர் என்ற ஆட்டத்தை முன்பெல்லாம் டி.வி.யில் பார்க்க போரடிக்குமாம், ஏனென்றால் யாரிடம் என்ன சீட்டு என்று தெரியாது. 1999-ல் இங்கிலாந்து டி.வி.யில் மேஜைக்கு அடியில் கேமரா வைத்து, கவிழ்த்து வைத்த சீட்டைக் காட்ட ஆரம்பித்தார்கள். அதன் பிறகு பார்க்கிறவன் எல்லோரும் மேதாவி, ஆடுகிறவன் எல்லோரும் முட்டாள். 2003-ல் லாஸ் வேகாஸ் உலகப் போட்டியில் கடைசி இரண்டு பேர், மணிமேக்கரும் ஃபர்ஹாவும். (மணிமேக்கர் என்பது அவருடைய நிஜப் பெயர், நம்புங்கள்!) கையில் ஒன்றுமே சேராத மணிமேக்கர் தன் சிப் அத்தனையையும் நடுவில் தள்ளினார். ஃபர்ஹாவிடம் இரண்டு ஒன்பது, ஜெயிக்கிற கை அதுதான். அவர் யோசித்து யோசித்து சீட்டைக் கவிழ்த்துவிட்டார். பட்டமும் 25 லட்சம் டாலரும் கடைசியில் மணிமேக்கருக்குப் போனது. பார்த்தவர்கள் இன்றும் சிரிக்கிறார்கள். ஃபர்ஹா கண்ணுக்குத் தெரிந்தது எதிராளியின் முகம் மட்டும்தான் என்பதை யார் நினைக்கிறார்கள்?

நம்ம ஆனந்தையும் விட்டோமா? 2013 நவம்பரில் சென்னையிலேயே கார்ல்சனோடு உலகப் போட்டி. அப்போது எனக்கு ஒண்ணாம் வகுப்பு வயசு, பிற்பாடு வீடியோவில் பார்த்ததுதான். ஒன்பதாவது ஆட்டத்துக்கு வரும்போது ஆனந்த் 3-5 என்று பின்தங்கியிருந்தார். ஜெயித்தே ஆக வேண்டும். ராஜாவைக் குறிவைத்து முரட்டுத்தனமாகத் தாக்கினார். 28-வது மூவில், செக்கைத் தடுக்க மந்திரியை வைக்க வேண்டிய இடத்தில் குதிரையை வைத்தார். கார்ல்சன் ஒரே ஒரு மூவ் ஆட, ஆட்டம் குளோஸ். மந்திரியை வைத்திருந்தாலும் கார்ல்சன் தடுத்திருப்பார், ஆட்டம் நீண்டிருக்கும். அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை, குதிரையைப் பற்றித்தான் பேசுகிறார்கள். அடுத்த வருஷம் சோச்சியில் இன்னும் வேடிக்கை. ஆறாவது ஆட்டத்தில் கார்ல்சனே ராஜாவைத் தப்பான கட்டத்தில் வைத்துவிட்டார். வைத்த பிறகு அவருக்குத் தெரிந்துவிட்டது. ஆனந்த் குதிரையால் ஒரு சிப்பாயை வெட்டினால் தீர்ந்தது. ஆனந்தோ ஒரு நிமிஷத்துக்குள் வேறு சிப்பாயைத் தள்ளினார். கார்ல்சன் தலையை மேஜையில் கவிழ்த்துக்கொண்டார்! எதிர்பார்க்காத பரிசைச் சில சமயம் வாங்கத் தோன்றாது என்கிற மாதிரி ஆனந்த் பின்னால் சொன்னார். எதிரே இருப்பவன் தப்பு செய்ய மாட்டான் என்ற மரியாதையே கண்ணை மறைத்துவிடும் போலிருக்கிறது.

டிங்கின் மூவைச் சிறுபிள்ளைத்தனமான பிழை என்று எழுதினார் முன்னாள் சாம்பியன் கிராம்னிக். அவரும் சொல்லலாமா? 2006-ல் பான் நகரில் கம்ப்யூட்டரோடு ஆடியபோது, ஒரே மூவில் விழுகிற மேட்டைப் பார்க்காமல் விட்டவர் அவர். அப்போது அவர்தான் உலக சாம்பியன்!

சரி, இவ்வளவு தூரம் செஸ் பேச வைத்தது எது? போன மாதம் நடந்த மாடல் பிராக்டிகல். என் செட் பையன் ஒருவன், பெயர் வேண்டாம். லேத்தில் ஸ்டெப் டர்னிங், 25 மில்லி விட்டம் கொண்டுவர வேண்டும். இரண்டரை மணி நேரம் பாங்காகச் செய்து 25.5-க்குக் கொண்டுவந்துவிட்டான். கடைசி கட். இன்னும் அரை மில்லி போக வேண்டும் என்று கிராஸ் ஸ்லைடில் அரை மில்லி கொடுத்தான். அந்த மெஷின் டயல் ஆரத்தைக் காட்டுகிற டயல். ஆரத்தில் அரை போனால் விட்டத்தில் ஒன்று போகுமே! வெர்னியரை வைத்தால் 24.5. ஜாப் அண்டர்சைஸ். ஒர்க் ஷாப் முழுக்க ஒரே குரல், "டிங்!" என் குரல் கொஞ்சம் தூக்கலாகவே இருந்தது. முதல் வருஷத்தில் அதே டயலில் அதே தப்பை நானும் செய்யப் போனவன்தான். சார் கையைப் பிடித்து நிறுத்தினார், தப்பித்தேன். இது எனக்கும் சாருக்கும் மட்டும் தெரியும். இப்போது உங்களுக்கும்.

அவன் பத்து நாள் காலேஜ் பக்கம் வரவில்லை. பத்தாம் நாள் அவன் வீட்டுக்குப் போனேன். அவன் வீட்டிலும் என் வீட்டைப் போலத்தான், டிப்ளமோ என்ற வார்த்தையே அவனால்தான் உள்ளே வந்தது. "விடுடா, நானும் அந்தக் காலத்துல ரெண்டு ஜாப் ஸ்கிராப் பண்ணேன்" என்று சொல்ல அந்த வீட்டில் ஒரு அண்ணனோ மாமாவோ கிடையாது. நாம் சிரித்த சிரிப்பு மட்டும்தான் அவனுக்கு ரிசல்ட். "எனக்கு இது வராதுடா, வேலைக்குப் போறேன்" என்றான். அவன் அம்மா எனக்கு டீ கொடுத்துவிட்டு, "நல்லா படிக்கிறானாப்பா?" என்று கேட்டார்கள். படிக்கிறான் அம்மா என்றேன். பொய் இல்லை.

தோற்ற அன்று டிங், தனக்கு வருத்தம் இல்லை, முடிவு நியாயமானதுதான் என்று சொல்லியிருக்கிறார். நம் செட்டில் யாராவது அப்படி எழுந்து நின்று சொல்வோமா? நான் சொல்ல மாட்டேன். அதனால் இந்தப் பெயரை வைத்த உரிமையில் கேட்கிறேன், இனி நம் ஒர்க் ஷாப்பில் அந்தச் சத்தம் வேண்டாம். ரொம்ப ஆசையாக இருந்தால் என்னைக் கூப்பிடுங்கள், திரும்பிப் பார்க்கிறேன்.

திங்கட்கிழமை அவன் வந்துவிட்டான். சார் இன்னொரு ராடு கொடுத்திருக்கிறார். வியாழக்கிழமை ரிப்பீட் ஜாப். கடைசி கட்டுக்கு முன்னால் வெர்னியரைத் தானே பிடிப்பதாகச் சொல்கிறான், நான் பக்கத்தில் நின்றால் போதுமாம்.