முதலாளி கேட்பது சரியான கேள்வி

தமிழ்நாட்டின் கடைவீதிகளில் இன்று அடிக்கடி நடக்கும் வாக்குவாதம் விளம்பரத்தைப் பற்றியது. கல்லாவில் முதலாளி. எதிரில் எம்.பி.ஏ. முடித்துவிட்டு வந்த மகளோ, புதிதாகச் சேர்ந்த மேலாளரோ. "ஆன்லைன்ல விளம்பரம் பண்ணணும், மாசம் இருபதாயிரம் ஒதுக்குங்க" என்று கேட்கிறார்கள். "போட்ட காசு திரும்பி வரும்னு எழுதிக் கொடுப்பியா?" என்று அவர் திருப்பிக் கேட்கிறார். பெரும்பாலும் பேச்சு அங்கேயே முறிந்துவிடுகிறது. அவருக்குக் காலம் மாறியது புரியவில்லை என்று இளையவர்கள் முடிவுகட்டிவிடுகிறார்கள்.

இந்த வாக்குவாதத்தில் என் மனம் முதலில் முதலாளியின் பக்கம்தான் சாய்கிறது. விளம்பரத் துறை நூறு ஆண்டுகளாகத் தன்னைத்தானே கேட்டுக்கொண்டிருக்கும் கேள்வியைத்தான் அவரும் கேட்கிறார். அமெரிக்க விளம்பர எழுத்தாளர் கிளாட் ஹாப்கின்ஸ் 1923இல் வெளியிட்ட 'சயின்டிஃபிக் அட்வர்டைசிங்' நூலின் மையமே இதுதான். விளம்பரத்தில் ஒரு கூப்பனை அச்சிட வேண்டும். எந்தப் பத்திரிகையிலிருந்து எத்தனை கூப்பன் திரும்பி வருகிறது என்று எண்ண வேண்டும். அதற்குப் பிறகுதான் அடுத்த பணத்தை இறக்க வேண்டும்.

இணைய விளம்பரத்தைச் சந்தேகிக்க வலுவான காரணங்களும் உண்டு. தன் தளத்தில் மக்கள் ஒரு வீடியோவைச் சராசரியாக எவ்வளவு நேரம் பார்க்கிறார்கள் என்று விளம்பரதாரர்களுக்குச் சொல்லிவந்த கணக்கு இரண்டு ஆண்டுகளாக மிகையாக இருந்ததை ஃபேஸ்புக் 2016இல் ஒப்புக்கொண்டது. மூன்று விநாடிகூடப் பார்க்காமல் நகர்ந்தவர்களை அந்தச் சராசரியில் சேர்க்காமலேயே விட்டிருந்தார்கள். விளம்பரதாரர்கள் வழக்குத் தொடுத்தார்கள். 2019இல் 4 கோடி டாலருக்குச் சமரசம் ஆனது. 2017இல் பிராக்டர் அண்ட் கேம்பிள் நிறுவனம் ஒரே காலாண்டில் 10 கோடி டாலருக்கு மேல் இணைய விளம்பரச் செலவை வெட்டியது. வியாபாரத்தில் பெரிய பாதிப்பு எதுவும் இல்லை என்று அந்த நிறுவனமே சொன்னது. டைடும் ஏரியலும் விற்கும் நிறுவனத்தின் அனுபவமே இப்படி இருக்கும்போது, காஞ்சிபுரம் காந்தி ரோட்டில் பட்டுக்கடை வைத்திருப்பவர் தயங்குவதில் என்ன தவறு?

இவற்றைவிட முக்கியமானதாக எனக்குப் படுவது இணைய வணிக நிறுவனமான ஈபேயில் நடந்த சோதனை. தாமஸ் பிளேக், கிறிஸ் நோஸ்கோ, ஸ்டீவன் டடேலிஸ் என்ற மூன்று பொருளாதார அறிஞர்கள் தேடல் விளம்பரங்களைச் சில இடங்களில் நிறுத்தி, மற்ற இடங்களில் தொடரவிட்டு, விற்பனையை ஒப்பிட்டார்கள். 'ஈபே' என்ற பெயரையே தட்டித் தேடியவர்களில் ஏறக்குறைய அத்தனை பேரும் விளம்பரம் இல்லாதபோதும் கீழே இலவசமாக வரும் இணைப்பைத் தொட்டு உள்ளே வந்துவிட்டார்கள். வழக்கமாக வாங்குபவர்களிடம் விளம்பரத்தால் பலன் இல்லை. புதியவர்களிடமும், எப்போதோ ஒருமுறை வருபவர்களிடமும் மட்டும் பலன் தெரிந்தது. 2015இல் 'எகனாமெட்ரிகா' ஆய்விதழில் வெளியான இந்த முடிவை இணைய விளம்பரத்தை எதிர்ப்பவர்கள் பாதி மட்டுமே சொல்கிறார்கள். மறுபாதியில்தான் நம் ஊர்க் கடைகளுக்கான செய்தி இருக்கிறது.

"நம்ம கடையைத் தெரியாதவங்க யாரு?" என்று முதலாளி கேட்கும்போது அவர் மனதில் இருப்பது அந்த ஊர். அங்கே அவர் சொல்வது உண்மை. அந்த மக்களுக்கு விளம்பரம் காட்டுவது வீண் செலவு. ஆனால் இருபது வருடங்களுக்கு முன் அவரிடம் கல்யாணப் பட்டு எடுத்த குடும்பத்தின் பெண் இன்று பெங்களூரில் இருக்கிறாள். அவளுடைய தோழிகளுக்குக் காஞ்சிபுரம் என்ற ஊரைத் தெரியும், இந்தக் கடையைத் தெரியாது. முகூர்த்தப் புடவை எங்கே எடுக்கலாம் என்று அவர்கள் கைப்பேசியில்தான் தேடுகிறார்கள். அந்தத் தேடலில் பக்கத்துக் கடை வந்து நிற்கிறது. 2016இல் ஜியோ வந்து டேட்டா விலை சரிந்த பிறகு இந்தப் பழக்கம் பெருநகரங்களோடு நிற்கவில்லை. முதலாளியிடம் எடுத்துச் சொல்ல வேண்டியது இதைத்தான். உலகமே டிஜிட்டல் ஆகிவிட்டது என்ற பொதுப்பேச்சு அவர் காதில் ஏறாது. கடையை அறியாத வாடிக்கையாளர் யார், எந்த ஊரில் இருக்கிறார், எதைத் தேடுகிறார் என்று சொன்னால் ஏறும்.

விளம்பரத்தை எண்ணிப் பார்ப்பது நம்மவர்களுக்குப் புதிதும் அல்ல. கடலூர்க்காரரான சி.கே. ரங்கநாதன் 1983இல் 15,000 ரூபாயில் தொடங்கிய தொழில் சிக் ஷாம்பு. கிராமங்களில் பையன்களை உட்காரவைத்துத் தலைக்குத் தேய்த்துக் காட்டினார்கள். காலி ஷாம்பு பாக்கெட்டுகளைக் கொண்டுவந்தால் ஒரு சிக் பாக்கெட் இலவசம் என்றார்கள். முதலில் எந்தக் கம்பெனி பாக்கெட்டாக இருந்தாலும் சரி என்று வாங்கிக்கொண்டு, பிறகு சிக் பாக்கெட் மட்டும்தான் என்று மாற்றினார்கள். திரும்பி வந்த காலி பாக்கெட் ஒவ்வொன்றும் ஒரு கணக்கு. எந்த ஊரில் எத்தனை பேர் வாங்கிப் பயன்படுத்தினார்கள் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி எது?

இந்தக் கண்டிப்பை இன்றைய டிஜிட்டல் ஏஜென்சிகள் பலவற்றிடம் நான் காணவில்லை. அவர்கள் மாதக் கடைசியில் நீட்டும் அறிக்கையில் ரீச் இத்தனை லட்சம், லைக் இத்தனை ஆயிரம் என்றிருக்கும். கல்லாவுக்கு வந்தது எவ்வளவு என்பது மட்டும் இருக்காது. விற்பனையைக் காட்டும் அறிக்கைகளிலும் ஒரு பள்ளம் உண்டு. ஒரு பட்டுக்கடையை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். விளம்பரத்துக்கு 15,000 ரூபாய், ஏஜென்சிக்கு 10,000. அதைப் பார்த்து 60 பேர் அழைக்கிறார்கள். 9 பேர் வாங்குகிறார்கள். சராசரி பில் 8,000. விற்பனை 72,000 ரூபாய். "பதினைந்தாயிரம் போட்டீங்க, கிட்டத்தட்ட அஞ்சு மடங்கு வந்திருக்கு" என்பார்கள். முதலாளியின் கணக்கு வேறு. கொள்முதல் போக அவருக்கு நிற்பது நூற்றுக்கு இருபது என்றால், 72,000இல் கிடைத்தது 14,400. செலவு 25,000. கையைவிட்டுப் போனது 10,600.

இந்த நஷ்டக் கணக்கை மறைக்காமல் முதலாளி முன் வைப்பவர்தான் அவருடைய நம்பிக்கையைப் பெறுவார். அதற்குப் பிறகுதான் உண்மையான பேச்சே தொடங்குகிறது. அழைத்த 60 பேரில் 51 பேர் ஏன் வாங்கவில்லை? போனை யார் எடுத்தது, எத்தனை மணி நேரம் கழித்துத் திருப்பி அழைத்தார்கள்? பல கடைகளில் விளம்பரம் ஒழுங்காகத்தான் வேலை செய்கிறது; மதிய வேளையில் போனை எடுக்கத்தான் ஆள் இல்லை. ஒன்பது பேரில் ஒருவர் கல்யாணத்துக்குப் பார்க்க வந்தவர் என்றால், இரண்டு மாதம் கழித்துக் குடும்பத்தோடு வந்து ஒரு லட்சத்துக்கு எடுப்பார். மொத்தக் கணக்கும் மாறிவிடும். அந்தப் பெயரை இன்றே குறித்துவைத்தால்தான் அப்போது அது தெரியும்.

அனுமதி கேட்கும் முறையும் இதையொட்டியே இருக்க வேண்டும். ஆண்டுத் திட்டம், பல லட்சம் ரூபாய் என்று போய் நிற்காதீர்கள். மூன்று மாதம், ஒரு வரம்புத் தொகை, இந்த எண்ணிக்கை வராவிட்டால் நானே நிறுத்திவிடுகிறேன் என்று எழுதிக் கொடுங்கள். அவர் எழுதித் தரச் சொல்லிக் கேட்டதும் அதைத்தானே. ஆடித் தள்ளுபடி மாதத்தை அதற்கு முந்தைய மாதத்தோடு ஒப்பிட்டு வெற்றி என்று சொல்லாதீர்கள். போன வருட ஆடியோடு ஒப்பிடுங்கள். முடிந்தால் ஈபேயில் செய்ததுபோல ஊரைப் பிரியுங்கள். வேலூர்ப் பக்கம் விளம்பரம் ஓடட்டும், விழுப்புரம் பக்கம் வேண்டாம். பில் போடும்போது ஊர்ப் பெயரையும் சேர்த்துக்கொண்டால் வித்தியாசம் தானாகத் தெரியும். தீபாவளி நெருக்கத்தில் தொடங்குவதையும் தவிருங்கள். இந்த விளம்பர இடங்கள் ஏலத்தில் போகின்றன. பெரிய நகைக்கடைகளும் ஜவுளிக்கடைகளும் ஒரே நேரத்தில் இறங்கும்போது விலை ஏறும்.

காசு கேட்பதற்கு முன்பே காசில்லாமல் செய்யக்கூடியதைச் செய்து காட்ட வேண்டும். கூகுள் மேப்பில் கடை சரியான இடத்தில் இருக்கிறதா, போன் எண் பழையதா, ஞாயிறு விடுமுறையா இல்லையா என்பதையெல்லாம் திருத்த ஒரு ரூபாய் ஆகாது. 2018இல் வந்த வாட்ஸ்அப் பிசினஸ் செயலியும் இலவசம். புடவைப் படங்களை விலையோடு அதில் அடுக்கிவைக்கலாம். இதைக்கூடச் செய்யாமல் விளம்பரத்துக்குப் பணம் கேட்பவரை எந்த முதலாளியும் நம்ப வேண்டியதில்லை.

முதலாளிகளும் ஒன்றைச் செய்ய வேண்டும். மெயின் ரோட்டு ஃபிளெக்ஸ், செய்தித்தாளுக்குள் வைக்கும் நோட்டீஸ், லோக்கல் சேனல் விளம்பரம், ஜனவரியில் கொடுக்கும் காலண்டர் என்று நீங்கள் பல ஆண்டுகளாகச் செய்துவரும் செலவுகளிடமும் இதே கேள்வியைக் கேளுங்கள். புதிய செலவுக்கு மட்டும் கணக்கு, பழைய செலவுக்கு வழக்கம் என்பது நியாயமாகாது. இரண்டையும் ஒரே தராசில் வைத்தால், சில ஊர்களில் நோட்டீஸே ஜெயிக்கலாம். அப்படியானால் நோட்டீஸே அடியுங்கள். எல்லாத் தொழிலுக்கும் இணையம் ஒரே மாதிரி பொருந்துவதும் இல்லை. பட்டாசை இணைய வணிகத் தளங்களில் விற்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றமே 2018 அக்டோபரில் உத்தரவிட்டிருக்கிறது.

அனுமதி கொடுத்தால் ஒரு நிபந்தனை போடுங்கள். விளம்பரக் கணக்கு, ஃபேஸ்புக் பக்கம், இன்ஸ்டாகிராம், இணையதள முகவரி எல்லாம் உங்கள் நிறுவனத்தின் பெயரில், உங்கள் போன் எண்ணில் இருக்கட்டும். ஏஜென்சி தன் பெயரில் தொடங்கிக்கொண்டு, பிரிந்து போகும்போது அத்தனையையும் எடுத்துக்கொண்டு போன கதைகள் ஊருக்கு ஊர் உண்டு. கடைச் சாவியை யார் கையில் கொடுக்கிறோம் என்று பார்ப்பவர்கள் இதையும் பார்க்க வேண்டும்.

இளையவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். முதலாளியிடம் பேசுவதற்கு முன் ஒரு மாதம், கடைக்கு வரும் ஒவ்வொரு புது வாடிக்கையாளரிடமும் "எங்களைப் பத்தி எப்படித் தெரிஞ்சுக்கிட்டீங்க?" என்று கேட்டு, பதிலையும் பில் தொகையையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். சிலைடு எதுவும் வேண்டாம். அந்த நோட்டை அவர் மேசையில் வையுங்கள்.