பேக் ஆடறவன் பாடு!

காஞ்சிபுரத்தில் எங்கள் தெருப் பசங்க ஃபுட்பால் ஆடினால் என்னை 'பேக்'கில்தான் நிறுத்துவார்கள். திறமை பார்த்து இல்லை சார், ஓடமாட்டேன்! கோல் போட்டவனுக்குக் கோலி சோடா. பத்துத் தடுத்து ஒன்று விட்ட எனக்கு அர்ச்சனை!

போன வாரம் ஒரு கடைக்குக் கணக்கு எழுதினதில் ஒரு சைபர் விட்டுப்போச்சு. முதலாளி என் பத்து வருஷ உழைப்பையும் அந்தச் சைபருக்குள்ளேயே போட்டு மூடிட்டார்.

ராத்திரி தூக்கம் வரலை. சைலன் மன்னா ஞாபகம் வந்தது. பேர்தான் மன்னா, ஆடினது பேக்! 1948 லண்டன் ஒலிம்பிக்ஸில் பிரான்ஸோடு மோதல். நம்ம ஆட்கள் பெரும்பாலும் வெறுங்கால். கிடைத்த இரண்டு பெனால்டியும் வீண். அதில் ஒன்றை உதைத்தவர் மன்னா. 2-1 தோல்வி!

நம்ம முதலாளியாக இருந்தால் அன்றைக்கே சீட்டுக் கிழிந்திருக்கும். 1951 டெல்லி ஆசிய விளையாட்டில் அதே மன்னாதான் கேப்டன். இறுதி ஆட்டத்தில் ஈரானை 1-0 என ஜெயித்துத் தங்கம். கோல் போட்டவர் மேவாலால். ஈரானை ஒன்றுகூடப் போடவிடாதது மன்னாவின் பக்கம்.

1942 முதல் 1960 வரை மோகன் பகான் ஒன்றே கிளப். சம்பளத்துக்கு ஜியாலஜிகல் சர்வேயில் உத்தியோகம். நம்மைப் போல ஆபீஸ் ஆசாமி! 1971-ல் பத்மஸ்ரீ. 2012-ல் 87 வயதில் மறையும்வரை கல்கத்தாவுக்கு அவர் 'மன்னா-தா', அதாவது அண்ணன். பெனால்டிக் கணக்கை யாரும் நீட்டவில்லை.

பக்கத்து வீட்டுத் தறிக்கார அண்ணனிடம் புலம்பினேன்.

"பாவுல ஒரு இழை அறுந்தா முடிச்சுப் போட்டு நெய்வோம் தம்பி. தறியையா கொளுத்துவோம்?"

காலையில் சைபரோடு கடைக்குப் போனேன். முதலாளி நிமிரவே இல்லை. அடுத்த மாச நோட்டை மட்டும் என் பக்கம் தள்ளினார்!