மூன்றாம் வருஷ வட்டி

போன ஞாயிறு எங்கள் குடியிருப்பின் தமிழ் வகுப்பில் ஒரு சின்னச் சண்டை. வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், பள்ளியில் ஆங்கிலம் என்று வளரும் பெங்களூர்ப் பிள்ளைகளுக்கு நாங்களே நடத்தும் வகுப்பு இது. 2009-ல் ஆரம்பித்தபோது முப்பது பாடங்களை நான்தான் தட்டச்சு செய்தேன். இப்போது வாங்கிய புதுக் கணினியில் ஒன்றுகூடத் திறக்கவில்லை.

பாடங்களை அடித்தது நண்பர் கொடுத்த ஓசி சிடியில் இருந்த ஒரு டிடிபி மென்பொருளில். கோப்பு அதற்கு மட்டும்தான் புரியும். அதுவோ புதுக் கணினியில் ஏற மாட்டேன் என்கிறது. ஓசியில் வந்ததற்கு யாரிடம் போய் நியாயம் கேட்பது? கணக்கில் பத்து ரூபாய் உதைத்தால் ராத்திரி வரை உட்கார்ந்து தேடுகிறவன் நான். இதற்கு உரிமம் என்று ஒன்று உண்டு என்பதை அன்று யோசிக்கவே இல்லை. வெட்கமாகத்தான் இருக்கிறது.

வகுப்புக்கு உதவ வரும் ஐடி தம்பி ஒருவர் கட்டற்ற மென்பொருள் கட்சி. "அன்னைக்கே லினக்ஸ்ல அடிச்சிருந்தா இந்தத் தொல்லையே இல்ல சார்" என்றார். "எனக்கு ஞாயித்துக்கிழமை காலையில பாடம் வேணும் தம்பி, புரட்சி வேணாம்" என்றேன். அவருக்கு முகம் வாடிவிட்டது.

வீட்டுக்கு வந்து யோசித்தேன். இந்தச் சண்டை பெரிய இடத்தில் நடந்ததுதானே! 1983-ல் ரிச்சர்ட் ஸ்டால்மன் குனு திட்டத்தை அறிவித்தபோது கேட்டது சுதந்திரம். பயன்படுத்துகிறவர் நிரலைப் பார்க்கலாம், மாற்றலாம், பகிரலாம். 1998-ல் இன்னொரு கூட்டம், தர்மம் பேசினால் கம்பெனிகள் மிரளும், பயனைப் பேசுவோம் என்று 'திறந்த மூலம்' என்ற பெயரைக் கொண்டுவந்தது.

லினக்ஸைத் தொடங்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் இரண்டாவது ரகம். 2002-ல் கர்னல் நிரலை நிர்வகிக்க பிட்கீப்பர் என்ற தனியுரிம மென்பொருளை எடுத்துக்கொண்டார். இலவசம், வேலையும் நன்றாக நடந்தது. ஸ்டால்மன் கண்டித்தார். 2005-ல் அந்தக் கம்பெனி இலவச உரிமத்தை நிறுத்தியது. லினஸ் அவசர அவசரமாகத் தானே ஒன்றை எழுதினார். அதுதான் இன்று உலகமே பயன்படுத்தும் கிட்.

எனக்குத் தெரிந்த பாஷையில் சொல்கிறேன். முதல் இரண்டு வருஷம் குறைந்த வட்டி என்று வீட்டுக் கடன் விற்பார்கள். "மூணாவது வருஷம் என்ன வட்டி?" என்று துருவுகிறவரை நச்சுப் பேர்வழி என்போம். கணக்குப் பார்த்தால் அவர்தான் விவரமானவர். இலட்சியவாதி என்று நாம் சிரிக்கிற ஆள் பல சமயம் அந்த மூன்றாம் வருஷ வட்டியைக் கேட்கிறவர்தான்.

ஆனால் கண்டனம் மட்டும் கர்னலை நிர்வகிக்காது. யாராவது கிட் எழுத வேண்டும். பக்கத்துக் கேரளாவைப் பாருங்கள். பள்ளிகளில் கட்டற்ற மென்பொருள்தான் என்று முடிவெடுத்ததோடு நிற்கவில்லை. ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். உபுண்டுவை வைத்துப் பள்ளிகளுக்கென்றே இயங்குதளம் தயாரித்தார்கள். ஸ்டால்மன் தொடங்கிய அமைப்பு பரிந்துரைக்கும் பட்டியலில் உபுண்டு கிடையாது! சுத்த பத்தம் பார்த்திருந்தால் பிள்ளைகள் கையில் ஒன்றும் போய்ச் சேர்ந்திருக்காது.

என் கட்சி இதுதான்: போனால் போகட்டும் என்று விடக்கூடியதில் சௌகரியம் பார்க்கலாம். தொலைக்க முடியாததில் கொள்கைதான் பார்க்க வேண்டும்.

தம்பிக்கு போன் போட்டேன். வகுப்பு நேரம், லீவு அறிவிப்பெல்லாம் வாட்ஸ்அப்பிலேயே வரும். முணுமுணுத்துக்கொண்டே சரி என்றார். பாடங்கள் இனி யூனிகோடில், லிப்ரே ஆபீஸில், யாரும் திறக்கக்கூடிய வடிவத்தில். நல்லவேளை, என் மனைவி பழைய அச்சுத் தாள்களைப் பரணில் போட்டு வைத்திருந்தார். தினம் ராத்திரி ஒரு பாடம் அடிக்கிறேன். நாலு முடிந்தது, இருபத்தாறு பாக்கி.

உங்கள் வீட்டிலும் அப்பா எழுதியதோ அம்மாவின் சமையல் குறிப்போ ஏதாவது பழைய கோப்பில் கிடக்கும். இன்றைக்கே ஒருதரம் திறந்து பாருங்கள்.