சாப்பாட்டு டப்பாவும் திருஷ்டியும்

குழந்தைகள் காப்பகத்துக்குக் கட்டிக் கொடுத்த இட்டிலி மாலையில் அப்படியே திரும்பி வந்தால், "திருஷ்டி" என்று மிளகாய் சுற்றி நெருப்பிலிடுகிறார்கள். பிறகு தாய்க்குக் கைப்பக்குவமில்லை என்கிறார்கள். திருஷ்டி மெய்யானால் தாயை ஏசுவானேன்? தாய் மீது குற்றமானால் மிளகாயைக் கருக்குவானேன்?

உண்மை யாதெனில், முதல் வருஷத்தில் பிறந்த எடைக்கு 3 மடங்காகும் குழந்தை, இரண்டாம் வருஷத்தில் சுமார் 2 அல்லது 3 கிலோவே ஏறும். வளர்ச்சி தணியப் பசியும் தணிகிறது. புதுப் பண்டத்தைப் பத்துத்தரம் கண்ட பிறகே தொடும் குழந்தையுமுண்டு. ஆகவே, பழகியதோடு புதியதையும் சிறிது வைத்தனுப்புவதே அறிவுடைமை. முழு வேர்க்கடலை மாத்திரம் கூடாது, மூச்சுக்குழலை அடைக்கும். எடை இறங்கினால் வைத்தியரிடம் போகட்டும், மந்திரிப்பவனிடமல்ல.

இவ்வளவுக்கும் தாய் ஒருத்திதானா பொறுப்பு? டப்பா கட்டத் தகப்பன்மார்களுக்குக் கையில்லையா என்று நாம் கேட்கின்றோம்.